பாரிஷும் சேகரமும்: முதலூர் சபை வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: அப்போஸ்தலர் 6:1–7, 2 கொரிந்தியர் 8:1–15



நம் மருத்துவ ஊழியத்திற்குக் காணிக்கை அனுப்பும் சபைகளுக்கு ரசீது எழுதும்போது "இன்ன குருசேகரம்" என்று எழுதுகிறோம். திருநெல்வேலிப் பக்கத்தார் சுருக்கமாகச் "சேகரம்" என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் "பாரிஷ்" என்று பெயர். மூன்றும் ஒன்றே என்று எண்ணிப் புழங்குகிறோம். ஆனால் சொற்களைச் சற்று விலக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. "பாரிஷ்" என்ற சொல்லின் வேர் "பரோய்க்கியா" என்ற கிரேக்கச் சொல். சொந்த ஊரல்லாத இடத்தில் அந்நியராய்த் தங்கியிருப்பது என்பது அதன் பொருள். "சேகரம்" என்றால் சேர்த்து வைப்பது, திரட்டுவது. ஒரு சொல் தங்க இடமில்லாதவர்களைக் குறிக்கிறது, மற்றது ஒன்றுசேர்ந்தவர்களை. இந்த மாதப் பாடத்தில் இவ்விரண்டு பொருளும் ஒரே கிராமத்தில் எப்படிச் சந்தித்தன என்று பார்ப்போம்.

முதலில் ஆங்கில நாட்டுப் பாரிஷைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு கிராமத்துப் பாரிஷ் என்றால் கோவிலும் குருவானவரும் மட்டுமல்ல. அதற்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் விளைவதில் பத்தில் ஒன்று தசமபாகமாகக் கோவிலுக்குச் சேர வேண்டும் என்பது சட்டம். மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டும்! 1538-ல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த கட்டளையின்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடு வைத்தது. 1601-ல் வந்த ஏழைகள் சட்டம், எல்லைக்குள் இருக்கும் நோயாளி, முதியவர், திக்கற்றவர் ஆகியோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பாரிஷின் தலையில் வைத்தது. அதற்காக வீட்டுக்கு வீடு வரி வசூலித்தார்கள்.

இது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 1662-ல் இன்னொரு சட்டம் வந்தது. வேறு பாரிஷைச் சேர்ந்த ஏழை வந்து தங்கினால் அவனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றது அது. பிள்ளை இங்கே பிறந்தால் செலவு நம் தலையில் விழுமே என்று நிறைமாதக் கர்ப்பிணிகளைக்கூட எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அந்நியரைக் குறித்த சொல்லால் பெயர் பெற்ற அமைப்பு அந்நியரைத் துரத்தியது. ஆகவே ஆங்கிலப் பாரிஷை மாதிரி என்று தூக்கிப் பிடிப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல.

ஆனாலும் டார்பிஷயர் பகுதியிலுள்ள ஈம் என்ற சிறிய பாரிஷின் கதையை ஓர் ஆஸ்பத்திரிப் பத்திரிகை சொல்லாமல் விடக்கூடாது. பட்டும் நெசவும் அறிந்த நம் பக்கத்தாருக்கு அது எளிதில் மனதில் படும். 1665-ல் லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்தது. ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவருக்கு லண்டனிலிருந்து ஒரு துணிமூட்டை வந்தது. ஈரமாயிருந்த துணியை அவருடைய உதவியாள் நெருப்பருகே உலர்த்தினான். செப்டம்பர் 7-ஆம் தேதி அவன் மரித்தான். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்று இன்று சொல்கிறோம். அன்று ஒருவருக்கும் தெரியாது. எலியிலிருந்து மனிதனுக்கு இந்நோயைக் கொண்டுபோவது தெள்ளுப்பூச்சியே என்று பிரெஞ்சு மருத்துவர் சைமண்ட் கண்டது 1898-ல், அதுவும் அன்றைய இந்தியாவின் கராச்சியில்.

1666 கோடையில் நோய் மறுபடி மூண்டது. குருவானவர் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன் அங்கே குருவாயிருந்து நீக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும் தங்களுக்குள் இருந்த வேற்றுமையை ஒதுக்கிவைத்துவிட்டு மக்களைக் கூட்டினார்கள். எவரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று தீர்மானமாயிற்று. கோவிலைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் ஆராதனை நடத்தினார்கள். இறந்தவர்களை அவரவர் குடும்பமே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தது. பதினான்கு மாதத்தில் ஏறத்தாழ 260 பேர் மரித்தார்கள். மொம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர். தம் பிள்ளைகளை மட்டும் அவர் முன்னமே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். வசதியுள்ள வேறு சிலரும் நேரத்தோடே போய்விட்டார்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை.

நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உள்ளே அடைபட்ட ஜனங்கள் சாப்பிட்டது எதை? பக்கத்து ஊரார் எல்லைக் கல்லருகே உணவையும் மருந்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். ஈம் ஜனங்கள் காசைக் காடியில் போட்டு வைத்தார்கள். டெவன்ஷயர் பிரபு தம் செலவில் பொருள்கள் அனுப்பினார். உள்ளே இருந்தவர்களின் உறுதி பாதி, வெளியே இருந்தவர்களின் கை பாதி.

இனி நம் தேசத்துக்கு வருவோம். இங்கே சட்டத்தால் வந்த பாரிஷ் இல்லை. ஆங்கிலக் கும்பினியின் பட்டாளம் எங்கே தங்கியதோ அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கான ஆராதனை இருந்தது. ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் பெயரைத் தாங்கிய நம் வாலாஜாபாத்தில், பாலாற்றங்கரையில் அப்படி ஒரு பட்டாளம் வெகுகாலம் இருந்தது. காய்ச்சலில் மடிந்த ஐரோப்பியர் பலர் இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். பட்டாளம் போனதும் அவர்களுடைய ஆராதனையும் போயிற்று. பாளையங்கோட்டையும் அதைப்போலப் பட்டாளத்து ஊர்தான். ஆனால் அங்கே நடந்தது வேறு.

தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு பிராமண விதவை, லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்து அவர் மூலம் சுவிசேஷத்தை அறிந்தார். அவர் கலியாணமின்றி வாழ்ந்த காலத்தில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778-ல் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருப்பது 40 பெயர்கள். 1785-ல் குளோரிந்தா கட்டுவித்த ஆலயம் இன்றும் நிற்கிறது. பெயர்களை எழுதி வைப்பதில் குரோம்வெல் கட்டளையிட்ட வழக்கம், எந்தக் கட்டளையும் இல்லாமல் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தது.

1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு உதவியாகச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளத்துக்கு அருகேயுள்ள காலங்குடி அவருடைய ஊர். வீட்டைவிட்டுப் போய் அலைந்து தஞ்சாவூரில் கிறிஸ்தவரானவர். உபதேசியாராகத் தன் ஊருக்கே திரும்பி வந்தபோது உறவினர் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1797-ல் சண்முகபுரத்தில் சிலர் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அதோடு தொல்லையும் தொடங்கியது. பனையேறிப் பிழைக்கும் அந்த ஜனங்களுக்கு நின்ற மண் தங்களுடையதல்ல. ஏறும் பனையும் குடியிருக்கும் இடமும் ஊர்ப் பெரியவர்களின் தயவில் இருந்தன. தெய்வத்தை மாற்றிக்கொண்டவனுக்கு அந்தத் தயவு போயிற்று. ஓலைவேய்ந்த ஜெபவீட்டை இடித்தார்கள். வீடுகளை விட்டுத் துரத்தினார்கள். பரோய்க்கியா என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் வேண்டாம்.

அந்த நிலையில் தாவீது செய்த காரியம் மிகச் சாதாரணமானது. இடம் வாங்கினார். பாளையங்கோட்டைப் பட்டாளத்திலிருந்த கேப்டன் எவரெட் என்ற அதிகாரி பணம் கொடுத்தார். அடையல் என்ற ஊருக்கருகே மணற்காட்டில் ஒரு துண்டு நிலம் கிரயமாயிற்று. கிணறு தோண்டினார்கள். ஓலையால் ஓர் ஜெபவீடு எழும்பியது. 28 பேர் குடியேறினார்கள். முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் முதலூர் என்று பெயர். ஆண்டு 1799. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆண்டில்தான். நாடெங்கும் பாளையக்காரர் போர் மூண்டிருந்த வேளையில், துரத்தப்பட்ட 28 பேர் மணலில் கிணறு தோண்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எவரெட் கொடுத்தது பெருந்தொகையல்ல. ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. சம்பளத்துக்கோ கோபுரத்துக்கோ அது போகவில்லை. ஒருவராலும் துரத்த முடியாத ஓர் இடத்துக்குப் போயிற்று. இன்று ஒரு புதிய கட்டிலுக்கோ கருவிக்கோ பணம் அனுப்பும் நம் பங்காளர்கள் இதைச் சற்று நின்று யோசிக்கலாம்.

1802-ல் சென்னையிலிருந்து கெரிக்கே ஐயர் அந்தப் பகுதிகளைச் சந்தித்தபோது சுமார் 1,300 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதைத் தொடர்ந்து சத்தியநாதன் ஐயரும் மற்றவர்களும் கொடுத்தது இன்னும் அதிகம். துன்பமும் அதற்கேற்பப் பெருகிற்று. தாவீது தடிக்கம்புக்காரர் கூட்டம் ஒன்றைச் சேர்த்து எதிர்த்து நின்றார். மறு கன்னத்தைக் காட்டும் உபதேசத்துக்கு இது ஒத்ததா என்று கேட்டால் ஒத்ததல்ல. எனினும் குடிசை எரிகிறபோது தண்ணீர்க் குடத்தோடு தடியையும் எடுத்தவரை இவ்வளவு தூரத்திலிருந்து நியாயந்தீர்க்க எனக்குத் துணிவில்லை. சில ஆண்டுகளுக்குள் தாவீது மரித்தார். நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்றே ஜனங்கள் நம்பினார்கள்.

பின்பு வந்த காலம் இந்த வரலாற்றில் மிகவும் இருண்டது. கெரிக்கே 1803-ல் மரித்தார். ஐரோப்பாவில் நெப்போலியன் போர். பணமும் ஆளும் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் ஒரு கொடிய விஷக்காய்ச்சல் பரவியது. சென்னை அரசாங்கம் அதன் காரணத்தை ஆராய டாக்டர் எய்ன்ஸ்லி முதலான மருத்துவர்களைக் கொண்ட குழு ஒன்றை அனுப்பியது. பருவம் தப்பிய மழை, தேங்கிய நீர் என்றெல்லாம் அக்குழு எழுதிற்று. கொசுவின் பங்கு வெளியாக இன்னும் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் இருந்தன. திருநெல்வேலிச் சபைகளில் திரளானவர்கள் மாண்டார்கள். மிஞ்சினவர்களில் அநேகர் பழைய தெய்வத்தின் கோபம் என்று பயந்து பின்வாங்கிப் போனார்கள். அவர்கள் பக்கத்தில் மருத்துவர் ஒருவரும் இல்லை. உபதேசியாருக்குத் தெரிந்தது ஜெபம் ஒன்றுதான்.

1816-ல் பாளையங்கோட்டைக்குப் பட்டாளத்துக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் விசாரித்துப் பார்த்தார். 60-க்கும் மேற்பட்ட ஊர்களில் சிதறி ஏறக்குறைய 3,100 கிறிஸ்தவர்கள் மீந்திருந்தார்கள். முதலூரும் நாசரேத்தும் முழுக்கிராமமாகவே நின்றன. சுற்றிலும் சபைகள் கரைந்துபோனபோது இவ்விரண்டும் கரையாமல் நின்றதற்குக் காரணம் என்ன? விசுவாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் கரைந்துபோன ஊர்களிலும் விசுவாசிகள் இருந்தார்கள். இடம் சொந்தமாயிருந்தது, பக்கத்து வீட்டாரும் ஒரே ஜெபவீட்டுக்குப் போகிறவராயிருந்தார், இறந்தவரைப் புதைக்க நிலமும் தூக்கிச் செல்ல ஆளும் இருந்தன. இவையும் சேர்ந்தே அந்தச் சபையைத் தாங்கின என்பது என் எண்ணம்.

1820-ல் வந்த ரேனியஸ் ஐயர் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். துன்பப்படும் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830-ல் தர்ம சங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார். அதில் சேர்ந்து காசு போட்டவர்கள் நாட்டுக் கிறிஸ்தவர்கள். அவ்வகையில் எழும்பிய அடைக்கல ஊர்களின் பெயர்களை இன்றும் கேட்கிறோம். டோனாவூர் என்ற பெயர் அக்காலத்தில் பண உதவி செய்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர். அவர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பனங்காட்டுக்குள் ஒரு பிரஷ்யப் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான். எவரெட் பெயரில் ஊர் இல்லை.

வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கியபின் வேறொரு வினா எழும்பியது. பணம் யாருடையதோ தீர்மானமும் அவருடையதா? ஆங்கிலப் பாரிஷில் பணம் கொடுத்தவன் வெஸ்ட்ரி கூட்டத்தில் பேசினான். இங்கே கொடுத்தவர் லண்டனில் இருந்தார். பேசியவர் மிஷனெரி ஐயர். நாசரேத் பகுதியில் ஆசிரியராயிருந்த அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை மிஷனெரிகளோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறினார். தம் ஜனங்களைப்பற்றிக் கால்டுவெல் ஐயர் 1849-ல் ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்ட புத்தகமும் அவர் கோபத்துக்கு ஒரு காரணம். 1857-ல் பிரகாசபுரத்தில் வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று தனிச்சபை ஒன்றை நிறுவினார். அவர் உபதேசங்களில் நமக்கு ஒப்பாதவை உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்று எவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பதில் மெதுவாகச் சமையலறையிலிருந்து வந்தது. உலையில் அரிசி போடும்போது தாய்மார் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டார்கள். வாரம் ஒருமுறை அது கோவிலுக்குப் போகும். அங்கே படியால் அளந்து விற்பார்கள். காசு சபைக் கணக்கில் ஏறும். பனையேறுகிறவர் பதநீர்க் காலத்தில் கருப்பட்டியாகக் கொடுத்தார். அறுப்பு முடிந்தால் ஸ்தோத்திரப் பண்டிகை. ஊரெல்லாம் ஒரே பந்தியில் அமரும் அசனப் பண்டிகை. கைப்பிடி அரிசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சோறு வேகாத வீட்டில் அது கேட்கப்படுவதில்லை. ஆங்கிலேயனின் தசமபாகச் சட்டத்துக்கு அந்த இரக்கம் இல்லை. திருநெல்வேலிச் சேகரங்கள் தங்கள் குருமாரையும் பள்ளிகளையும் தாங்க இப்படித்தான் கற்றுக்கொண்டன. 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பவும் துணிந்தன.

விஷக்காய்ச்சல் காலத்தில் இல்லாத மருத்துவரும் வந்தார். மருத்துவம் படித்த மிஷனெரி ஸ்ட்ராக்கன் 1870-ல் நாசரேத்தில் மருத்துவ ஊழியத்தை ஆரம்பித்தார். தூய லூக்கா மருத்துவமனைக்கு அதுவே தொடக்கம். 1876-ல் வந்து 1908-ல் அங்கேயே மரித்த மர்காஷிஸ் ஐயர், தாது வருஷப் பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பள்ளிகளையும் தொழிற்சாலையையும் பெருக்கினார். பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவனை மைல்கணக்காகக் கட்டிலில் சுமந்து எங்கும் போகவேண்டாம் என்ற நிலை அந்தச் சீமைக்கு மெதுவாக வந்தது.

முதலூர் இப்போது தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தைச் சேர்ந்தது. தூய மிகாவேல் ஆலயத்தின் கோபுரம் வெகுதூரத்திலிருந்தே தெரிகிறது. தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்காக அந்த ஊரை அறிந்தவர்களே இன்று அதிகம். 28 பேரை அறிந்தவர்கள் குறைவு. முதலூர் ஏறத்தாழ ஒரே சமூகத்தாரின் ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உறவே சபையாக மாறியதால் அதற்குப் பலம் வந்தது. உறவில்லாதவனுக்கு அங்கே வாசல் எவ்வளவு அகலமாய்த் திறந்திருந்தது என்பது தனி விசாரணைக்குரியது.

நம் பக்கத்தில் நிலைமை வேறு. இங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைத்த ஆதிதிராவிட மக்கள். குடியிருந்த மனையும் மிராசுதாரருடையது. முதலூராரின் பழைய நிலைதான், இன்னும் கடினமாக. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாக் கலெக்டர் டிரெமன்ஹீர் இம்மக்களின் நிலைபற்றி விரிவான அறிக்கை எழுதினார். செங்கல்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனெரி ஆடம் ஆண்ட்ரு முதலானோர் நிலத்துக்காக விடாமல் எழுதியும் பேசியும் வந்தார்கள். 1892-ல் அரசாங்க உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்தது அதுவே. அதில் எவ்வளவு கைமாறிப் போயிற்று, திரும்பக் கிடைக்குமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. எவரெட்டின் பணத்தில் வாங்கிய துண்டு நிலத்தை முதலூரார் விடவில்லை. நம் ஜில்லாவில் சர்க்கார் கொடுத்ததையே பலர் இழந்தார்கள். ஒரே சீராக நாம் போதிக்கும் வரலாற்றில் இந்த வேறுபாடு மறைந்துவிடக் கூடாது.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூடுகையிலும் இப்பாடத்தை எடுத்துக்கொள்கிறவர்கள், அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்தபின் முதலில் இதைப் பேசலாம்: எருசலேம் சபையில் விசாரணையில் விடுபட்டுப்போன விதவைகள் எந்த மொழியார், குறையைச் சொன்னது யார், பந்திவிசாரணைக்கு நியமிக்கப்பட்டவர்களின் பெயர்கள் எந்த மொழிப் பெயர்கள்? பிறகு உங்கள் குருசேகரத்தின் பழைய பதிவேட்டைக் குருவானவரிடம் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலுள்ள பெயர்களைச் சத்தமாய் வாசியுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் எவர் இப்போது படுக்கையில் இருக்கிறார், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வண்டிச்செலவு எவ்வளவு ஆகும் என்று அதே கூட்டத்தில் கணக்குப் பார்க்கலாம்.